ஆலனா, ஃபிரிஸ்கோவா: ஊருக்கு ஒரே உயர்நிலைப் பள்ளி என்றால் படிப்பும் விளையாட்டும் எப்படி இருக்கும்?

புதுக்குடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் கோடையில் நியூ ஜெர்சியிலிருந்து டெக்சஸில் டாலஸின் வடக்குப் புறநகருக்குக் குடிபெயர இருக்கிறோம். மகள் ஆகஸ்டில் ஒன்பதாம் வகுப்பில் சேர வேண்டும். அலுவலகம் பிளேனோவில் என்பதால் ஆலன், ஃபிரிஸ்கோ ஆகிய இரண்டு ஊர்களிலும் வீடு பார்த்துவருகிறோம். என் கணக்கில் வாடகையும் தூரமும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன. முடிவெடுக்க முடியாமல் நிற்பது பள்ளியை நினைத்துத்தான். ஆலன் பள்ளி மாவட்டம் (ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) முழுவதற்கும் வழக்கமான உயர்நிலைப் பள்ளி ஒன்றே ஒன்று. ஃபிரிஸ்கோ மாவட்டத்தில் 12 இருக்கின்றன.

ஆலனைப் பற்றி இணையத்தில் தேடினால் வந்து விழுவதெல்லாம் ஆறு கோடி டாலர் செலவில் அவர்கள் கட்டிய மைதானத்தைப் பற்றிய செய்திகள்தாம். பள்ளி மைதானம் என்றால் நான்கு வேப்பமரமும் ஒரு வாலிபால் கம்பமும் என்று வளர்ந்த எனக்கு இது புரியவில்லை. விளையாட்டுக்கு இவ்வளவு கொட்டும் பள்ளியில் படிப்பு இரண்டாம் இடத்துக்குப் போய்விடாதா? மகள் கணிதத்தில் நன்றாகச் செய்வாள், ஆனால் வகுப்பில் முதலிடங்களில் நிற்பவள் அல்லள். கிளாரினெட் வாசிப்பாள், டென்னிஸ் சுமாராக ஆடுவாள். இப்படிப்பட்ட நடுத்தரமான பிள்ளைக்கு எந்தப் பள்ளி நல்லது என்பதை அங்கே பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆலன்வாசி எழுதியது:

நண்பரே, வணக்கம். நான் ஆலனில் 14 ஆண்டுகளாக இருக்கிறேன். மைதானத்தின் கதையை முதலில் முழுவதுமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் வெளியூரில் இருந்து பார்ப்பவர்கள் அதன் பாதியைத்தான் அறிந்திருக்கிறார்கள்.

2009இல் 11.9 கோடி டாலர் கடன் பத்திரத் திட்டம் ஒன்று வாக்கெடுப்புக்கு வந்தது. வாக்களித்தவர்களில் 63 விழுக்காட்டினர் அதை ஆதரித்தார்கள். 18,000 இருக்கைகள் கொண்ட ஈகிள் மைதானம் அந்தப் பணத்தில் எழுந்து 2012 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதே திட்டத்தில்தான் பள்ளியின் கலையரங்கமும் கட்டப்பட்டது. அதைப் பற்றி எந்தச் செய்தியாளரும் எழுதவில்லை. திறந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத நிலையில், 2014 பிப்ரவரியில், மக்கள் நடந்து செல்லும் தளத்தின் கான்கிரீட்டில் விரிசல்கள் கண்டுபிடிக்கப்பட்டு மைதானம் மூடப்பட்டது. நாடே சிரித்தது. பழுதுபார்க்கும் செலவை வடிவமைத்தவர்களும் கட்டியவர்களும் ஏற்றுக்கொள்ள, 2015இல்தான் மறுபடியும் திறந்தார்கள். இடைப்பட்ட 2014 பருவத்தில் சொந்த மைதானமே இல்லாமல் ஆடிய ஆலன் அமெரிக்கக் கால்பந்து அணி ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் மாநிலக் கோப்பையை வென்றது. 2012, 2013, 2014 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கோப்பை. அந்த அணியின் குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை வழிநடத்தும் வீரர், கைலர் மர்ரி. அவர் தொடக்க வீரராக இறங்கிய 42 ஆட்டங்களிலும் ஆலனே வென்றது. பின்னர் அவர் 2018இல் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதையும், தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லின் 2019 வீரர் தேர்வில் முதல் இடத்தையும் பெற்றார்.

இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை (கொஞ்சம் பெருமையும் இருக்கிறது, மறைப்பானேன்). இரண்டாவது உயர்நிலைப் பள்ளியைக் கட்டினால் ஊர் இரண்டு அணிகளாகப் பிரிந்துவிடும் என்ற அச்சம் இங்கே பலருக்கும் உண்டு. பக்கத்தில் பிளேனோவைப் பாருங்கள். 1965 முதல் 1994 வரை ஏழு மாநிலக் கோப்பைகளை வென்ற பிளேனோ இன்று மூன்று மேனிலைப் பள்ளிகளாகப் பிரிந்து நிற்கிறது; 1994க்குப் பிறகு கால்பந்துக் கோப்பை அங்கே திரும்பவில்லை. ஆலன் மக்கள் அதைக் கண்ணெதிரே பார்த்தவர்கள். எனவேதான் ஒன்பதாம் வகுப்புக்குத் தனி வளாகம், பத்து முதல் பன்னிரண்டு வரை ஒரே பெரிய வளாகம் என்று சுமார் 7,000 மாணவர்களை ஒரே பெயரின் கீழ் வைத்திருக்கிறார்கள்.

வரிக்கணக்கர் எழுதியது:

மைதானத்துக்குச் செலவிட்ட பணத்தை ஆசிரியர் சம்பளத்துக்குக் கொடுத்திருக்கலாமே என்று ஒவ்வொரு தமிழ்க் கூட்டத்திலும் யாராவது ஒருவர் கேட்கிறார். கொடுத்திருக்க முடியாது. டெக்சஸில் வீட்டுக்கு நாம் கட்டும் பள்ளி வரி இரண்டு தனித்தனிப் பைகளில் விழுகிறது. ஒன்று அன்றாடச் செலவுகளுக்கானது. சம்பளம், மின்கட்டணம், பேருந்து எல்லாம் அதிலிருந்து. மற்றொன்று கடன் பத்திரங்களுக்கான அசலையும் வட்டியையும் அடைப்பதற்கு மட்டுமே. இரண்டாவது பையிலிருந்து ஒரு காசைக்கூட முதல் பைக்கு மாற்றச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அதற்கு மேல், 1993இல் வந்த சட்டத்தின்படி, சொத்து வளம் மிகுந்த மாவட்டங்கள் முதல் பையில் சேர்வதில் ஒரு பங்கை மாநிலத்திடம் ஒப்படைக்க வேண்டும். மக்கள் அதை ராபின் ஹூட் சட்டம் என்றே அழைக்கிறார்கள். பிளேனோ அதில் பெருந்தொகை இழந்த மாவட்டம். இரண்டாவது பையில் இந்தப் பிடுங்கல் கிடையாது. ஆகவே மாவட்டங்கள் கட்டடம் கட்டுவதில் தாராளமாகவும் சம்பளத்தில் இறுக்கமாகவும் இருப்பதில் வியப்பில்லை.

அதற்காக எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல வரவில்லை. 2009இல் மைதானத்தையும் கலையரங்கத்தையும் ஒரே கேள்வியாக வாக்குச்சீட்டில் வைத்தார்கள். ஒன்று வேண்டும், மற்றது வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. 2016இல் பக்கத்து ஊரான மெக்கின்னியிலும் இதே பாணியில் 22 கோடி டாலர் திட்டத்துக்குள் ஒரு மைதானம் வைக்கப்பட்டது. 2019இல் சட்டம் மாறியது. ஆயிரம் பேருக்கு மேல் அமரக்கூடிய மைதானம் என்றால் இப்போது தனிக் கேள்வியாக வைக்க வேண்டும். வாக்குச்சீட்டில் ‘இது ஒரு சொத்து வரி உயர்வு’ என்றும் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும்.

இன்னொன்றையும் நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டும். எச்-1பி விசாவிலும் பச்சை அட்டையிலும் இருப்பவர்கள் இந்த வரியை முழுதாகக் கட்டுகிறார்கள், ஆனால் இந்தத் தேர்தலில் வாக்களிக்க முடியாது. குடியுரிமை பெற்றவர்களோ, அதிபர் தேர்தலுக்கு வரிசையில் நிற்பார்கள், மே மாதப் பத்திரத் தேர்தல் நடந்ததே தெரியாமல் இருப்பார்கள். பிறகு மைதானத்தைப் பார்த்து ஆச்சரியப்படுவதில் என்ன இருக்கிறது?

கணக்கு ஆசிரியை எழுதியது:

டாலஸ் வட்டாரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். மைதானத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, பள்ளிக்குள் படிப்பும் விளையாட்டும் எங்கே முட்டிக்கொள்கின்றன என்பதைச் சொல்கிறேன்.

டெக்சஸில் விளையாட்டு என்பது மாலைநேரப் பொழுதுபோக்கு இல்லை. அணியில் இருக்கும் மாணவருக்குப் பள்ளி நேரத்திலேயே அதற்கென ஒரு வகுப்பு ஒதுக்கப்படுகிறது. அந்த வகுப்பு உடற்கல்விக்கான மதிப்புப் புள்ளியை ஈடுசெய்கிறது. பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளை நடத்தும் யூ.ஐ.எல். அமைப்பு, பள்ளி நேரத்துக்கு வெளியே நடக்கும் பயிற்சியை வாரத்துக்கு எட்டு மணி நேரம் என்று வரையறுத்திருக்கிறது. பேண்டுக்கும் இதே வரம்புதான். அதே அமைப்புதான் மனக்கணக்கு, அறிவியல், எழுத்துக்கூட்டல், விவாதம் ஆகியவற்றிலும் மாநிலப் போட்டி நடத்துகிறது என்பது நம் பெற்றோரில் பலருக்குத் தெரியாது. உங்கள் மகளுக்குக் கணிதம் வரும் என்றால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, தேறாதவர் ஆடக்கூடாது என்ற 1984ஆம் ஆண்டுச் சட்டம். டெக்சஸ் தொழிலதிபர் ராஸ் பெரோ தலைமையிலான குழுவின் பரிந்துரையில் பிறந்தது. ஒரு பாடத்தில் 70க்குக் கீழே போனால் போட்டிகளில் இறங்க முடியாது. முதலில் ஆறு வாரத் தடை என்று இருந்ததை 1995இல் மூன்று வாரமாகக் குறைத்தார்கள். மூன்று வாரம் கழித்து எல்லாப் பாடங்களிலும் தேறியிருந்தால் மீண்டும் ஆடலாம். கல்லூரித் தரத்திலான ஏ.பி. போன்ற கடினப் பாடங்களில் சறுக்கினால் விலக்களிக்கவும் இடமுண்டு. சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் மதிப்பெண் காலம் முடியும் வாரத்தில் பயிற்சியாளர்களிடமிருந்து எனக்கு வரும் மின்னஞ்சல்களில் ‘அவன் என்ன செய்தால் தேறுவான்?’ என்ற கேள்வி இருக்கும். ‘அவனுக்கு என்ன புரியவில்லை?’ என்று கேட்டவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

இனி, ஊருக்கு ஒரு பள்ளியா பல பள்ளிகளா என்ற கேள்வி. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் தானாக இடம் கிடைக்க ஒருவர் தன் பள்ளியில் பெற வேண்டிய தரவரிசையின் வரம்பு, 1997 சட்டத்தில் முதல் பத்து விழுக்காடு என்றிருந்தது, படிப்படியாகக் குறைந்து ஆறு ஆகி, 2026 இலையுதிர்காலச் சேர்க்கையிலிருந்து ஐந்து ஆகிவிட்டது. இது விழுக்காட்டுக் கணக்கு என்பதைக் கவனியுங்கள். ஓர் ஆண்டில் 1,600 பேர் படித்து முடிக்கும் பள்ளியில் 80 பேருக்கு இடம். 500 பேர் முடிக்கும் பள்ளியில் 25 பேருக்கு. பள்ளி பெரிதானால் இடமும் சேர்ந்து பெருகுகிறது. விளையாட்டில் அப்படி இல்லை. 7,000 பேர் படித்தாலும் 2,000 பேர் படித்தாலும் களத்தில் இறங்குவது பதினொரு பேர், கூடைப்பந்து என்றால் ஐந்து பேர். ஆகவே பெரிய பள்ளியால் இழப்பு யாருக்கு என்றால், படிப்பவர்களுக்கு அல்ல, சுமாராக விளையாடும் பிள்ளைகளுக்குத்தான். எல்லாரும் அஞ்சுவதற்கு நேர்மாறாக இருக்கிறது, பாருங்கள்.

ஃபிரிஸ்கோ அம்மா எழுதியது:

அக்கா சொன்ன கணக்கை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் நாங்கள் ஃபிரிஸ்கோவைத் தேர்ந்தெடுத்தோம். இங்கே ஒரு பள்ளியில் சுமார் 2,100 பேருக்கு மேல் போகக் கூடாது என்ற நோக்கில்தான் மாவட்டம் பள்ளி மேல் பள்ளியாகக் கட்டியது. என் மூத்த மகள் டென்னிஸில் தேர்ந்தவள் என்று நான்கூடச் சொல்ல மாட்டேன். ஆனாலும் பதினொன்றாம் வகுப்பில் பள்ளியின் முதன்மை அணியான வார்சிட்டியில் ஆடினாள், பள்ளி எழுத்து பொறித்த மேலங்கியை வாங்கினாள். ஆலனில் இருந்திருந்தால் அவள் பார்வையாளர் வரிசையில்தான் இருந்திருப்பாள்.

மைதான ஆடம்பரம் ஆலனுக்கு மட்டும் உரியது என்றும் நினைக்க வேண்டாம். டாலஸ் கௌபாய்ஸ் அணியின் தலைமையகத்தை ஒட்டி 2016இல் திறந்த 12,000 இருக்கை கொண்ட உள்ளரங்கில்தான் எங்கள் பள்ளிப் பிள்ளைகளும் ஆடுகிறார்கள். 12 பள்ளிகள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வதால் அது கண்ணை உறுத்துவதில்லை, அவ்வளவுதான்.

குறை என்று சொன்னால், எல்லைக்கோடு. புதுப் பள்ளி ஒன்று திறக்கும்போதெல்லாம் எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு என்று மாற்றிவரைகிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்த தோழிகள் ஒரே சாலையின் இரு பக்கங்களில் இருந்ததால் வேறு வேறு பள்ளிகளுக்குப் போனார்கள். ஆலனில் இந்தத் தொல்லை கிடையாது. அடுத்து தரவரிசை. கணினித் துறையினரின் பிள்ளைகள் நெருக்கமாகக் குடியிருக்கும் பகுதியின் பள்ளியில் முதல் ஐந்து விழுக்காடு என்பது தசமப் புள்ளிக்குப் பின் மூன்றாவது இலக்கத்தில் நடக்கும் சண்டை. 500 பேரில் 25ஆம் இடத்துக்கும் 60ஆம் இடத்துக்கும் இடையே படிப்பில் எந்த வேறுபாடும் இல்லாத நிலையைப் பார்த்திருக்கிறேன். ஊர் முழுவதும் ஒரே பள்ளியில் கலந்து படித்தால் அந்த நெருக்கடி சற்றுத் தளரும் என்பதை ஃபிரிஸ்கோக்காரியான நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒப்பாதவர் எழுதியது:

எல்லாரும் விளையாட்டை ஏற்றுக்கொண்டுவிட்டு எந்த அளவில் என்று மட்டும் பேசுகிறீர்கள். தெற்கு டெக்சஸில் பிரிமான்ட் என்ற சிறிய பள்ளி மாவட்டம் 2012இல் மூடப்படும் நிலைக்கு வந்தபோது, விளையாட்டு அணிகள் அனைத்தையும் நிறுத்திவைத்துப் பணத்தையும் கவனத்தையும் வகுப்பறைக்குத் திருப்பியது; தேர்ச்சி உயர்ந்தது, பள்ளியும் பிழைத்தது. செய்ய முடியும் என்பதற்கு அது சான்று. உயர்நிலைப் பள்ளியில் விளையாடுபவர்களில் ஏழு விழுக்காட்டினர்தான் கல்லூரி அணிகளில் ஆடுகிறார்கள்; போட்டியின் உச்ச நிலையான முதல் பிரிவுக் கல்லூரிகளில் இரண்டு விழுக்காடு. ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகள் விளையாட்டுக்காக உதவித்தொகையே தருவதில்லை. நான்கு ஆண்டுகள் விடியற்காலையில் பிள்ளையை எழுப்பி அனுப்புவது எதற்காக?

கணக்கு ஆசிரியை எழுதியது:

பிரிமான்ட்டின் நிலை வேறு, ஐயா. அது சில நூறு பிள்ளைகள் படித்த, கையில் பணமே இல்லாத கிராமப்புற மாவட்டம். அந்த மருந்தை ஆலனும் பிளேனோவும் இருக்கும் காலின் கவுண்டிப் புறநகருக்குக் கொடுக்க முடியாது. மேலும் கல்லூரி உதவித்தொகைக்காகத்தான் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்ற எண்ணம் பெற்றோருடையது. 1972இல் கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த ஒன்பதாம் தலைப்புச் சட்டம் வருவதற்கு முந்தைய பள்ளியாண்டில் அமெரிக்கா முழுவதிலும் உயர்நிலைப் பள்ளி அணிகளில் ஆடிய பெண்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. இன்று முப்பது லட்சத்துக்கு மேல். இவர்களில் பெரும்பாலோர் கல்லூரியில் பந்தைத் தொடப்போவதில்லை என்பது அவர்களுக்கே தெரியும்.

பெயர் வேண்டாம் எழுதியது:

எங்கள் ஊரையும் பள்ளியையும் குறிப்பிட விரும்பவில்லை. என் மகன் பத்தாம் வகுப்பில் ஜூனியர் வார்சிட்டி என்ற இரண்டாம் நிலைக் கால்பந்து அணியில் இருந்தான். அல்ஜீப்ராவில் வியாழக்கிழமை மாலை இணையப் பக்கத்தில் 68 என்று இருந்தது. இரவு அவன் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை காலை 71 ஆகியிருந்தது. கூடுதல் பயிற்சித்தாள் ஒன்று ஏற்கப்பட்டதாகக் குறிப்பு. அன்று நானும் மகிழ்ந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்த கோடையில் அதே பாடத்தை வீட்டில் உட்கார்ந்து தொடக்கத்திலிருந்து அவனுக்குச் சொல்லிக்கொடுத்தபோதுதான், இருபடிச் சமன்பாடு என்றால் என்னவென்றே அவனுக்குத் தெரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

அதைவிடப் பெரிது, தலையில் பட்ட அடி. மறைத்துவிட்டான். தலையில் அடிபட்டதாக ஐயம் வந்தாலே மாணவரைக் களத்திலிருந்து வெளியேற்ற வேண்டும், மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் படிப்படியாகத் திரும்ப விட வேண்டும் என்று 2011இல் மாநிலச் சட்டம் வந்திருக்கிறது. தெரிந்த பிறகு பள்ளி அதன்படியே நடந்தது. ஆனால் தெரிவிக்க வேண்டியவன் அந்தப் பையன். வெள்ளிக்கிழமை ஆட்டத்தை இழக்க விரும்பாதவனும் அவனே. விளக்கை அணைக்கச் சொல்லி அவன் இரண்டு நாள் படுத்திருந்த பிறகுதான் எங்களுக்குப் பிடிபட்டது. பிள்ளையை எந்த ஊரில் சேர்த்தாலும் இதை மட்டும் முன்கூட்டியே பேசிவையுங்கள்.

எக்காளம் எழுதியது:

நான் ஆலனில் படித்தவள், பேண்டில் டிரம்பெட் வாசித்தவள். ஆசிரியை அம்மா விளையாட்டணியில் இடம் பெருகாது என்றார்கள், சரிதான். ஆனால் பேண்டில் பெருகும். கொடி வீசுபவர்கள், நடனக் குழுவினர் எல்லாரும் சேர்ந்து ஏறத்தாழ 800 பேர். நாட்டின் மிகப் பெரிய உயர்நிலைப் பள்ளி அணிவகுப்பு பேண்டு என்று பெயர் பெற்றது. இடைவேளையில் நாங்கள் வரிசையாக இறங்கினால் ஆட்டக்களத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வெறும் புல்லைப் பார்க்க முடியாது. ‘சுமாரான பிள்ளைக்கு என்ன இடம்?’ என்ற உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த விடை இதுதான். நான் நான்கு ஆண்டுகளும் சுமாராகத்தான் வாசித்தேன். என்னை யாரும் வெளியே அனுப்பவில்லை.

முதல் மாதம் அந்த வளாகத்தில் தொலைந்துபோவாள். அது உறுதி. ஆனால் 800 பேரில் அவளைச் சுற்றி நாற்பது கிளாரினெட் இருக்கும். உணவுக்கூடத்தில் யாருடன் உட்காருவது என்ற கவலை ஆகஸ்டிலேயே தீர்ந்துவிடும். முன்னாள் மாணவர்களை வரவேற்கும் ஹோம்கமிங் வாரத்தில் நெஞ்சில் ஒரு சாமந்தியைச் சூடிக்கொள்வார்கள். பெயருக்குத்தான் அது ஒரு பூ. காகிதப் பூவிலிருந்து முழங்கால் வரை தொங்கும் நாடாக்கள், சிறு மணிகள், கரடி பொம்மை, ஒளிரும் விளக்குகள். நடந்தால் சலங்கை கட்டியதுபோலச் சத்தம் வரும். என் அம்மா அதைச் செய்ய இரண்டு இரவு விழித்திருந்தார்; நவராத்திரிக் கொலுவுக்கு வாங்கிய சரிகை அதில் போயிற்று.

படிப்பைப் பற்றி ஒரு வரி. பேண்டு வகுப்பை ஜி.பி.ஏ. என்ற மதிப்பெண் சராசரியில் சேர்க்கிறார்களா, அது தரவரிசையை இழுக்குமா என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும், விதிகளும் மாறும். பாடத்தேர்வு வழிகாட்டியில் அந்தப் பக்கத்தைச் சேருவதற்கு முன்பே படித்துவிடுங்கள். என் வகுப்பில் இரண்டு பேர் தரவரிசைக்காகப் பத்தாம் வகுப்போடு பேண்டை விட்டார்கள். ஒருத்திக்கு ஆஸ்டினில் இடம் கிடைத்தது; ஆனால் விரும்பிய கணினி அறிவியல் கிடைக்கவில்லை. தானாகக் கிடைப்பது பல்கலைக்கழக இடம்தான், துறைக்கு உறுதி கிடையாது.

புதுக்குடி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மைதானத்தைப் பற்றிக் கேட்டு வந்தேன்; அது என் கேள்வியே இல்லை என்று தெரிந்துகொண்டேன். மகளையும் உட்காரவைத்து இழை முழுவதையும் வாசித்துக்காட்டினேன். டென்னிஸ் வார்சிட்டிக்காக ஃபிரிஸ்கோ போகலாமா என்றதற்குத் தோளைக் குலுக்கினாள். நாற்பது கிளாரினெட் என்ற இடத்தில் மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னாள். எனவே ஆலன் பக்கம் சாய்கிறோம். தலையில் அடிபட்டதைப் பற்றி எழுதிய நண்பருக்கு, உங்கள் மகன் இப்போது நலம்தானே?

எக்காளம் அவர்களிடம் ஒரு கேள்வி. பேண்டுப் பயிற்சி எப்போது தொடங்கும்? ஆகஸ்டு நடுவில் வந்தால் போதுமா?

பெயர் வேண்டாம் எழுதியது:

நலமாக இருக்கிறான், நன்றி. இப்போது நெட்டோட்ட அணியில் இருக்கிறான்.

எக்காளம் எழுதியது:

போதாது. கோடைப் பயிற்சி பள்ளி திறப்பதற்குச் சில வாரங்கள் முன்பே தொடங்கிவிடும். ஜூலைக் கடைசிக்குள் வந்துவிடுங்கள். சேர்க்கைக்கான வாசிப்புத் தேர்வு ஒன்றும் வசந்தத்திலேயே இருக்கலாம், பேண்டு இயக்குநருக்கு இப்போதே மின்னஞ்சல் அனுப்பி வெளிமாநிலத்திலிருந்து வருவதாகச் சொல்லுங்கள். பயிற்சி நடப்பது தார் போட்ட வாகன நிறுத்துமிடத்தில். வெள்ளை நிறத்தில் அகலமான தொப்பி, நல்ல காலணி, ஒரு கேலன் கொள்ளும் தண்ணீர்க் குடுவை. குடுவையில் பெயரைப் பெரிதாக எழுதிவையுங்கள், எல்லாரும் ஒரே நீல நிறத்தில்தான் வாங்குகிறார்கள்.